அடுத்தவர் கயிறு

கிளெண்டா ஆர்ட்டன் கரிப் படகை ஓட்டிக்கொண்டு வரும்போது முதலில் பார்ப்பது புகைபோக்கிகளை; அடுத்தது கயிறுகளை. ஆட்களைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

குளிர்காலக் காலையில் ஒரு படகின் கூரையில் புகை இல்லையென்றால் எஞ்சினைத் தணித்து, பக்கத்தில் அணைத்து, இரும்புச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். "உசுரோட இருக்கீங்களா டக்?" என்பாள். சோர் ஆற்றங்கரையில் பஸ் டிரைவரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாரும் எல்லாரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து ஒரு வசவு வந்தால் அவளுக்குப் போதும், நகர்ந்துவிடுவாள். வசவு வராத ஒரு ஜனவரியில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனாள். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு நாளாகத் தரையில் கிடந்த ஒரு மனிதர் அதனால் பிழைத்தார். அவர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் கதவைப் பற்றித்தான் புலம்புவார்.

அவளுடைய படகின் பெயர் டன்லின். எழுபதடி நீளம், ஏழடிக்கும் குறைந்த அகலம். ஒரு ரயில் பெட்டியை நெடுக்காக அறுத்து ஆற்றில் விட்டது போல இருக்கும். முன்னால் நிலக்கரி மூட்டைகள், நடுவில் டீசல் தொட்டி, அதன் பின்னால் சமையல் வாயு சிலிண்டர்கள், கடைசி எட்டடியில் அவளுடைய மொத்தக் குடித்தனம். ஆற்றோரத்தில் படகிலேயே குடியிருக்கிற நாற்பது ஐம்பது வீடுகளுக்கு அடுப்பு எரிவது அவளால்தான். வயது அறுபத்தொன்று. இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றி ஓரடி அகலப் பலகைமேல் நடந்து போவாள். அப்போது யாராவது கைகொடுக்க வந்தால் திட்டுவாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் லெஸ்டர் நகரத்தில் பத்தொன்பது வருஷம் இருபத்தாறாம் நம்பர் பஸ் ஓட்டினாள். அதன் கடைசி வருஷங்களில் ஒரு சின்னப் படகு வாங்கி, ஆற்றில் கட்டிப்போட்டுக் குடியிருந்தாள். அந்தப் படகு இப்போது இல்லை.

அது போன கதையை அவளாகச் சொல்ல மாட்டாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து, அவளைப் பார்த்தே தானும் ஒரு படகு வாங்கி, இப்போது ஹாதர்பி புல்வெளிக் கரையில் குடியிருக்கிற கிரித் மிஸ்திரி சொல்வான். ஒரு மார்ச் மாதம் அவள் ஷிப்டுக்குப் போயிருந்தபோது ஆறு ஏறியது. அவள் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தாள். தண்ணீர் தூக்க, கயிறு இழுக்க, படகு சாய்ந்து, ஓரத்துத் துளைகளில் தண்ணீர் குடித்து, மத்தியானம் மூன்று மணிக்குப் படுத்துவிட்டது. கரையில் ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையும் கயிற்றுக்குப் போகவில்லை. ஏனென்றால் படகுக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு: அடுத்தவர் கயிற்றைத் தொடக்கூடாது. குடித்துவிட்டு வருகிறவர்களும் விளையாட்டுக்கென்று வருகிறவர்களும் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போவதால் உண்டான கட்டுப்பாடு. படகில் இருப்பவருக்குக் கயிறு என்பது வாசற்கதவு மாதிரி. அதில் அந்நியர் கை பட்டால் கொலைவெறி வரும். அவள் ஓடிவந்து நின்றபோது ஒருவர் அவள் கையில் சூடாக டீ கொடுத்து, "நீங்க வர்ற வரைக்கும் காத்திருந்தோம் டக்" என்றாராம்.

"அவங்க மேல கோவமே இல்லையா கிளெண்டாபென்?" என்று கிரித் ஒருமுறை கேட்டான். குஜராத்திக்காரன், அக்கா என்பதற்கு அவன் வீட்டில் 'பென்'.

"எதுக்கு கோவம்? ஒழுங்கான ஆளுங்க. ஒழுங்கா நின்னு பாத்தாங்க" என்றாள்.

பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, டென்சில் பீக்கும் நெஸ்டா பீக்கும் 'கிரேட்டா' என்ற படகில் ஹாதர்பிக்கு வந்தார்கள். பித்தளையெல்லாம் முகம் பார்க்கலாம் போலத் துலக்கிய, ஐம்பத்தேழடி நீளப் பச்சைப் படகு. டென்சிலுக்கு எழுபது வயதிருக்கும். யார்க்ஷயர் கால்வாய்களில் முப்பத்தோரு வருஷம் படகு விட்டவர். வீட்டை விற்றுவிட்டார்கள்; பாத்திரம் பண்டம், துணிமணி, கல்யாண போட்டோ எல்லாம் அந்தப் படகுக்குள்தான். ஆற்றில் தங்குவது இதுதான் முதல் தடவை. லெஸ்டர் ஆஸ்பத்திரியில் நெஸ்டாவுக்குக் கண்புரை எடுக்க ஒன்பது மாதம் காத்திருந்து தேதி வாங்கி, அதற்காக வந்திருந்தார்கள்.

வெயில் அடித்தது. ஆறு பச்சையில் இருந்தது. படகுகள் ஏறி இறங்கும் ஒவ்வொரு மதகுச் சுவரிலும் தண்ணீர் மட்டத்துக்கு மூன்று நிறப் பட்டை உண்டு: பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசிக்கலாம், சிவப்பு என்றால் கட்டிப்போட்டுவிட்டு டீ போடலாம். ஆனால் தெற்கே நாள் முழுக்க மழை என்று காலையில் ரேடியோவில் சொன்னதைக் கிளெண்டா கேட்டிருந்தாள். அங்கே பெய்வது இங்கே வர ஒரு நாள் ஆகும்.

டென்சில் கட்டுவதை அவள் டன்லினின் கூரையில் உட்கார்ந்து பார்த்தாள். அழகாகத்தான் கட்டினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கூரை நடுவிலிருந்து ஒன்று. மூன்று கயிறும் கரையில் அடித்த இரும்பு முளைகளில் விறைப்பாக நின்றன. படகின் தலை ஆறு போகிற பக்கம் பார்த்து இருந்தது. கால்வாயில் இது நல்ல பழக்கம். அங்கே தண்ணீர் வருஷம் முழுக்க ஒரே மட்டம். கயிற்றைத் தொய்வாக விட்டால் போகிற வருகிற படகுகளின் இழுப்பில் முளை பிடுங்கிக்கொள்ளும். ஆற்றில் தண்ணீரே ஏறி இறங்குகிறது. கயிறும் கூடவே ஏறி இறங்க இடம் வேண்டும்.

கிளெண்டா இறங்கிப் போனாள். "நல்ல நாளு டக். எத்தன நாள் தங்கல்?"

"நாலஞ்சு நாள்" என்றார் டென்சில், முளையைச் சம்மட்டியால் கடைசியாக ஒரு போடு போட்டபடி. "நாளைக்கு இவளுக்கு கண்ணு ஆபரேஷன். காலைல போயி சாயங்காலம் வந்துடுவோம்."

"அப்ப படகுல ஆள் இருக்காது."

"கதவுல பூட்டு இருக்கு."

"ஆறு பூட்டயெல்லாம் பாக்காது. அந்த நடுக் கயித்த எடுத்துடுங்க. மத்த ரெண்டையும் நல்லா நீளமா விட்டுக் கட்டுங்க. தலைய மேல்பக்கம், ஆறு வர்ற பக்கம், திருப்பி வச்சா இன்னும் நல்லது. தண்ணி ஏறும்."

டென்சில் நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தார். அது கண்ணாடி போல் கிடந்தது. "நான் மொத முளை அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இருபத்தாறாம் நம்பர் பஸ்ல. ஓட்டிட்டு இருந்தேன்."

"அதான். பஸ்ஸுக்கு கயிறு கெடையாதுல்ல."

இரண்டு படகு தள்ளி கிரித் சிரித்துத் தொலைத்தான். கிளெண்டாவும் சிரித்தாள். "பஸ்ஸுக்கு பிரேக் இருக்கு டக். உங்களுக்கு அதுவும் இல்ல."

"டென், அவங்க சொல்றபடி கொஞ்சம் லூசா விடேன்" என்றார் உள்ளிருந்து நெஸ்டா.

"லூசா விட்டா ராத்திரி பூரா படகு கரைல இடிக்கும். நாளைக்கு ஆபரேஷனுக்கு நீ தூங்காம போகணுமா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. கிளெண்டா மறுபடி சொல்லவில்லை. இரண்டு தடவை சொன்னால் மனிதர் இன்னும் ஒரு சுற்று இறுக்குவார் என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம் பயணிகளோடு பேசியிருக்கிறாள்.

புதன்கிழமை எட்டு மணிக்கு டாக்ஸி வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. ஒன்பது மணிக்கு ஆற்றின் நிறம் மாறியது. தேநீரில் பால் விட்டது போல ஆகி, பிறகு சேறாகி, குச்சிகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மிதந்து போயின. பத்து மணிக்கு மதகில் தண்ணீர் மஞ்சளைத் தொட்டுவிட்டது.

அன்று மேல்மதகைத் தாண்டி ஐந்து படகுகளுக்கு அவள் கரி கொண்டுபோக வேண்டும். சிவப்பு வருவதற்குள் கிளம்பினால் தாண்டிவிடலாம். எஞ்சினைக்கூடப் போட்டுவிட்டாள். கயிற்றை அவிழ்க்கப் போனவள், திரும்பிக் கிரேட்டாவைப் பார்த்தாள். அது கரைப்பக்கம் லேசாகத் தோளைச் சாய்த்திருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து பேருக்கும் போன் போட்டாள். "இன்னைக்கு வரல டக். பழைய நாற்காலி இருந்தா ஒடச்சுப் போடு. வெள்ளிக்கிழமை பாக்கலாம்." நான்கு பேர் சரி என்றார்கள். ஒருவன் ஏசினான். ஏசியவனுக்கு கிரித்தின் வேனில் இரண்டு மூட்டை அனுப்பினாள்.

பதினோரு மணிக்குள் ஆறு ஒன்றரை அடி ஏறியது. கிரேட்டாவின் நடுக் கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்திருந்தது. தொட்டால் சத்தம் வரும் போலிருந்தது. கூரையின் நடுவில் கட்டிய கயிறு அது. தண்ணீர் படகைத் தூக்க, கயிறு கூரையைப் பிடித்துக் கரைப்பக்கம் கவிழ்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு அலமாரி திறந்து, தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியும் சத்தம் கேட்டது. சமையல் தொட்டியின் கழிவுத் துளை கரைப்பக்கச் சுவரில் இருந்தது. கிளெண்டா கணுக்கால் தண்ணீரில் நின்று அதற்கும் ஆற்றுக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தாள். நான்கு விரல்.

கிரித் வேனிலிருந்து வந்து பக்கத்தில் நின்றான். "அவரு போன் நம்பர் இருக்கா?"

"இல்ல. இருந்தாலும் ஆஸ்பத்திரிலேருந்து என்ன பண்ணுவார்?"

"அதிகாரிங்களுக்கு சொல்லலாம்."

"சொல்லிட்டேன். ஆறு முழுக்க இதே கதை, வர சாயங்காலம் ஆகும்னாங்க."

அவள் கண் கயிற்றிலேயே இருப்பதைக் கிரித் பார்த்தான். "வேணாம் கிளெண்டாபென். தொடாதீங்க. அறுந்து அந்தப் பக்கம் போச்சுன்னா கீழ முன்னூறு கஜத்துல கலிங்கு, தண்ணி அணை தாண்டிக் கொட்டுற எடம். அப்புறம் தண்ணி முழுகடிச்சுதா நீங்க முழுகடிச்சீங்களான்னு ஆகிடும். ஊர் முழுக்க, கரிக்காரி அடுத்தவன் கயித்த அறுத்தாள்னு சொல்லும். உங்ககிட்ட கரி வாங்குறது எல்லாம் படகுக்காரங்க."

அவன் சொன்னது உண்மை. அவளுடைய பிழைப்பே நாற்பது ஐம்பது பேர் அவளை நம்பிக் கதவைத் திறப்பதில் இருந்தது. துளைக்கும் தண்ணீருக்கும் நடுவே இப்போது மூன்று விரல்.

"எனக்கும் ஒழுங்கா நின்னு பாக்க தெரியும் கிரித்" என்றாள் கிளெண்டா. "போயி என் பெரிய கயிறு ரெண்டையும் எடுத்துட்டு வா. அப்படியே சாரக் குழாய் ரெண்டு, சம்மட்டி. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டு வா. பிரெட் கத்தியும்."

"பிரெட் கத்தியா?"

"நனைஞ்ச கயித்த வேற எதால அறுப்ப? பல்லாலயா?"

அவள் அவசரப்படவில்லை. கிரித் பின்னால் பலரிடம் சொன்னது அதைத்தான். முதலில் தன்னுடைய நாற்பது மீட்டர் கயிற்றை கிரேட்டாவின் வால்பக்கக் குமிழில் கட்டி, மேல்பக்கம் நிற்கிற பெரிய வில்லோ மரத்தைச் சுற்றி எடுத்து, கையால் இழுத்துப் பார்த்தாள். ஆற்றின் முழு எடையும் இந்தக் கயிற்றின் மேல்தான் வரப்போகிறது. படகு வாலை ஆற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்பதால் சுக்கானில் மோதுகிற தண்ணீர் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கயிறு தலைப்பக்கத்திலிருந்து வேலியின் ஓக் தூணுக்கு. இரண்டிலும் ஓர் ஆள் உயரத்துக்குத் தொய்வு விட்டாள். அதற்கப்புறம்தான் டென்சிலின் முடிச்சுகளுக்குப் போனாள். முன்முடிச்சும் பின்முடிச்சும் கல்லாக இறுகியிருந்தன. ஐந்து நிமிஷம் நகத்தால் போராடிவிட்டு விட்டுவிட்டாள். அதற்குள் கழிவுத் துளை தண்ணீருக்குள் போயிருந்தது.

"குனிஞ்சுக்கோ. இது அறுந்தா சாட்டை மாதிரி வரும்" என்றாள். சொல்லிவிட்டு நடுக் கயிற்றில் கத்தியை வைத்தாள்.

நான்கு இழுப்புதான். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கிரேட்டா ஒரு பெரிய மூச்சு விட்டதுபோல நிமிர்ந்தது. உள்ளே பாத்திரமெல்லாம் மறுபக்கம் உருண்டது. நிமிர்ந்த வேகத்தில் வால்பக்க முளை ஈரமண்ணிலிருந்து பல் பிடுங்கியது போல வெளியே வந்து, கிரித்தின் தலைக்கு மேல் பறந்து ஆற்றில் விழுந்தது. படகு கலிங்கின் பக்கம் இரண்டடி நகர்ந்தது. வில்லோ மரம் முனகியது. கயிறு தண்ணீரைச் சொட்டச் சொட்ட நிமிர்ந்து, நின்றது. படகும் நின்றது.

கிளெண்டா கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் இழுப்பைப் பார்த்தாள். பிறகு தலைப்பக்கத்துப் பழைய கயிற்றையும் அறுத்தாள். பிறகு இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று, படகுக்கும் கரைக்கும் நடுவில் கரையின் விளிம்பை ஒட்டி இரண்டு சாரக் குழாய்களை அடித்து இறக்கினார்கள். படகு வெள்ளத்தில் கரைமேல் ஏறிவிடாமல் தடுக்க அவை. வெள்ளம் வடியும்போது விளிம்பில் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் புல்வெளியிலும் மறுபக்கம் காற்றிலுமாகத் தொங்கி, அப்புறம் ஆற்றுக்குள் உருளும். ஏறும்போது தப்பித்த படகுகள் பல இறங்கும்போதுதான் போயிருக்கின்றன.

நாலரை மணிக்கு டாக்ஸி பாலத்தில் நின்றது. டென்சில், நெஸ்டாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நெஸ்டாவின் ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. பாதை முழங்காலுக்குத் தண்ணீர். கிரித் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸோடு எதிரே போனான். அவரோ பூட்ஸைக் கவனிக்கவில்லை. கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த வெட்டுப்பட்ட கயிற்றைத்தான் பார்த்தார்.

"யாரு என் கயித்த வெட்டினது?"

"நான்தான்" என்றாள் கிளெண்டா.

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. கேக்க யாரும் இல்ல."

"முப்பத்தோரு வருஷம்! ஒரு பய என் கயித்துல கை வச்சதில்ல. நான் இல்லாத நேரம் பாத்து வெட்டியிருக்கீங்க. என் முளை எங்க? பின்முளை எங்க?"

"ஆத்துல."

"ஆத்துலயா! ஆத்துல போட்டுட்டீங்களா?"

"நான் போடல டக். அதுவா போச்சு. கிரித் தலைக்கு மேல பறந்துதான் போச்சு."

"இதோ இவ்ளோ ஒசரத்துல" என்று கிரித் கையால் காட்டினான். தன் தலையைவிட ஓரடி உயரத்தில். உண்மையில் அரை அடிதான்.

டென்சில் இன்னும் என்னென்னவோ சொன்னார். புகார் என்றார், வழக்கு என்றார், இந்த ஆற்றில் மனிதர்களே கிடையாது என்றார். கிளெண்டா கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அதற்குள் நெஸ்டா பலகை வழியாக உள்ளே போயிருந்தார். வெளியே வந்தபோது அவர் கையில் நனைந்த கால்மிதி இருந்தது.

"டென். தொட்டிக்குக் கீழ அலமாரி பூரா தண்ணி. துளை வழியா வந்திருக்கு. மாவு டப்பா மெதக்குது."

டென்சில் எட்டிப்போய்ச் சுவரின் வெளிப்புறத்தைப் பார்த்தார். கழிவுத் துளைக்கு ஒரு விரல் மேலே சேற்றுக்கோடு ஓடியது. அந்தக் கோட்டுக்கும் முப்பத்தோரு வருஷத்துக்கும் என்ன கணக்குப் போட்டாரோ, யாருக்கும் தெரியாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒரு நன்றி?" என்றான் கிரித் கதவைப் பார்த்து.

"விடு. எனக்கு அன்னைக்கு டீ குடுத்தவருக்கு நானும் நன்றி சொல்லல" என்றாள் கிளெண்டா.

வியாழக்கிழமை புல்வெளி காணாமல் போனது. வேலித் தூண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. கரையில் இருந்த ஒன்பது படகுகளும் மரங்களுக்கு நடுவே மிதந்தன. ஒருவருக்கொருவர் கூரையிலிருந்து கத்திப் பேசிக்கொண்டார்கள். கரிக்காரி அடுத்தவர் கயிற்றை அறுத்த செய்தி ஒன்பது கூரைக்கும் போய்விட்டது. இரண்டு பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் என்ன இருந்தாலும் கேட்காமல் செய்யலாமா என்றார்கள், மற்றவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். டென்சில் யாரோடும் பேசவில்லை. ஆனால் இரண்டு மணிக்கொருமுறை வெளியே வந்து, கிளெண்டாவின் கயிற்றை ஒரு முழம் விடுவதும் இழுப்பதுமாக இருந்தார். அவள் டன்லினிலிருந்து அதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது ஆறு வடிய ஆரம்பித்திருந்தது. எட்டு மணிக்கு அவள் போன் அடித்தது. நெஸ்டா. நம்பரை டன்லினின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்து அடித்திருக்கிறார்.

"முன்குழாய் சாஞ்சிடுச்சு. தலைப்பக்கம் புல்லு மேல வந்துடுச்சு. அவரு ஏழு மணிலேருந்து கழிய வச்சு தள்ளிட்டிருக்காரு. காத்து திருப்பித் திருப்பிக் கொண்டாந்து விடுது. அவரு உங்கள கேக்க மாட்டாரு. நான் கேக்கறேன். என்ன குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இல்லன்னா நானே எறங்கியிருப்பேன்."

"நீங்க சும்மா உக்காருங்க டக். வர்றோம்."

கிரித்தின் சின்னத் துடுப்புப் படகில் இருவரும் போனார்கள். கரைமேல் இன்னும் இரண்டரை அடித் தண்ணீர். கிரேட்டா மிதக்க இரண்டடி வேண்டும். மணிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் வடிந்துகொண்டிருந்தது. டென்சில் தலைப்பக்கத்தில் நின்று, நனைந்த சட்டையோடு, நீளக் கழியைப் புல்வெளியில் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். படகு ஓரடி போகும். காற்று ஓரடி கொண்டுவரும். அவர்களைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"எஞ்சின் ஓடுமா?" என்று கேட்டாள் கிளெண்டா.

"ஓடும். ஓடி என்ன? முன்னால போனா கலிங்கு."

"என் கயிறு பின்னால மரத்துல இருக்கு. அது விடாது. பின்குழாயும் ஆடாம நிக்குது. வால அது மேல சாச்சுக்கிட்டு, மெதுவா முன்னால போட்டு, சுக்கான் பிடிய கரைப்பக்கம் தள்ளினா தல தானா வெளிய வரும். வந்ததும் அங்கயே நிக்கணும். நாங்க குழாய மறுபடி அடிக்கற வரைக்கும். பத்து நிமிஷம் ஆகும்."

"பத்து நிமிஷம் ஒரே எடத்துலயா? இந்த தண்ணிலயா?"

"ஆமா. ஆறு திருப்பி உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். ஜாஸ்தி குடுத்தா கயிறு போகும். கம்மியா குடுத்தா என் கை குழாய்க்கும் படகுக்கும் நடுவுல மாட்டும். என்னால அப்படி பிடிக்க முடியாது. நான் பஸ் டிரைவர். உங்களால முடியுமா?"

டென்சில் அவளைப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று தேடினார் போலிருந்தது. பிறகு கழியைக் கூரைமேல் வைத்துவிட்டு, படகு விளிம்பில் கால் வைத்து, கூரையைப் பிடித்தபடி ஐம்பதடி நடந்து பின்னால் போனார்.

எஞ்சின் இரண்டு தடவை இருமிப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றிக் கிளெண்டா இன்றைக்கும் சொல்வதுண்டு. தன் கதைகளைச் சொல்லாதவள், இதை மட்டும் சொல்வாள். அவர் ஆற்றைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் பார்த்தார். இடது கை சுக்கான் பிடியில், வலது கை எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரத்தில். கயிறு மெல்ல நிமிர்ந்தது. வால் குழாயில் சாய்ந்தது. ஐம்பத்தேழடி இரும்பு, பதினாறு டன், கதவு திறப்பது போல மெதுவாகத் தலையைக் கரையிலிருந்து எடுத்தது. ஓரடி, மூன்றடி, கரை விளிம்பைத் தாண்டி ஆற்றுக்குமேல். அங்கே நின்றது. ஆறு தள்ளியது; அவர் சக்கரத்தை ஒரு நூல் திருப்பினார்; நின்றது. காற்று வந்தது; இன்னொரு நூல். ஆணி அடித்து வைத்தது போல் நின்றது.

கிளெண்டா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையை அந்த இடைவெளிக்குள் விட்டுக் குழாயை நிமிர்த்தினாள். கிரித் துடுப்புப் படகில் நின்று சம்மட்டியை ஓங்கினான்.

"என் கைய பாத்துடா."

"உங்க கையத்தான் பாக்கறேன். குழாய் தெரியல."

"தெரியலன்னா அடிக்காத!"

பத்து நிமிஷம் என்றது பதினெட்டு ஆனது. இரண்டு தடவை குழாய் கல்லில் முட்டியது. அந்தப் பதினெட்டு நிமிஷமும் இரும்புச் சுவர் அவள் முழங்கையிலிருந்து ஒரு சாண் தள்ளி அசையாமல் இருந்தது. கடைசியில் குழாய் இறுகியது. கிளெண்டா கையை உயர்த்தினாள். டென்சில் சக்கரத்தைத் தணிக்க, படகு மெல்ல வந்து குழாயில் தோள் சாய்த்து நின்றது.

பதினோரு மணிக்கு ஆறு இன்னும் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது. கிரேட்டா கரை விளிம்புக்கு வெளியே, இருக்க வேண்டிய இடத்தில், ஆற்றோடு ஆறாக இறங்கிக்கொண்டிருந்தது. டென்சில் பின்னால் நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அருகில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்த கிளெண்டாவிடம், தலையைத் திருப்பாமல், "இன்னும் ஒரு முழம் விடவா?" என்று கேட்டார்.

"அரை முழம் போதும்."

அவர் அரை முழம் விட்டார்.

உள்ளே வாணலியில் எண்ணெய் பொரிந்தது. நெஸ்டா ஒரு முட்டையை உடைத்து ஊற்றிவிட்டு, மூடி எடுத்த புதுக்கண்ணால் குனியாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை எந்தப் பக்கமும் ஓடவில்லை. நடுவிலேயே வட்டமாகப் பரவி நின்றது.

"டென்! படகு நேரா இருக்கு" என்று குரல் கொடுத்தார். "அவங்க ரெண்டு பேருக்கும் எத்தன முட்டைன்னு கேளு."